கெர்னலில் சாதன ரெஜிஸ்டர்களை மேப் செய்வது: எதற்குப் பின் எது

குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் எழுதும் முதல் டிரைவரைப் பல வருடமாகப் படித்துப் பார்த்து வருகிறேன். ரெஜிஸ்டர் எண்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும், வரிசைதான் இடிக்கும். க்ளாக் (சாதனத்தை இயக்கும் துடிப்பு) ஓடாத சாதனத்தைப் படிப்பார்கள், மேப் ஆகாத முகவரியை இன்டரப்ட் ஹேண்ட்லரில் (சாதனம் கூப்பிட்டால் ஓடும் ஃபங்ஷனில்) தொடுவார்கள். மேப் செய்வது என்றால், ரெஜிஸ்டர்கள் (சாதனத்தோடு பேசும் சிறு நினைவிடங்கள்) இருக்கும் முகவரியைக் கெர்னல் தொடக்கூடிய முகவரியாக ஆக்குவது. அதனால் இந்த வழிகாட்டியை வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் சாதனம் க்யூஎமு என்ற எமுலேட்டரின் 'விர்ட்' போர்டில் உள்ள பிஎல்031 என்ற ஆர்டிசி, அதாவது நேரம் சொல்லும் கடிகாரச் சாதனம். கெர்னல் லினக்ஸ், 64-பிட் ஆர்ம். இதன் முதல் ரெஜிஸ்டரைப் படித்தால் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகள் வரும், எத்தனை முறை படித்தாலும் எதுவும் கெடாது. பழகுவதற்கு இதைவிடச் சாதுவான சாதனம் கிடைக்காது. படித்தாலே கெடும் சாதனத்துக்கு உதாரணமாக, அதே போர்டில் இருக்கும் பிஎல்011 சீரியல் போர்ட்டை நடுவில் கூப்பிட்டுக்கொள்வோம்.

முகவரிகளை ஹெக்ஸில் தருகிறேன், ஆஃப்செட்டுகளைத் தசமத்தில்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

க்யூஎமு, கெர்னல் சோர்ஸ், கிராஸ் கம்பைலர், சாதனத்தின் டேட்டாஷீட், ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவி. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். 7ஆம் படியில் அதன் அருமை தெரியும்.

க்யூஎமுவை ஓட்டும்போது சிபியு வகையாக கார்ட்டெக்ஸ் ஏ57 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் விர்ட் போர்டு எடுத்துக்கொள்வது கார்ட்டெக்ஸ் ஏ15, அது 32-பிட். உங்கள் 64-பிட் கெர்னல் ஒரு வரிகூட அச்சிடாமல் நிற்கும், நீங்கள் கெர்னல் கான்ஃபிகைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள்.

பிஎல்031க்கு லினக்ஸில் ஏற்கெனவே டிரைவர் உண்டு. கான்ஃபிகில் அதை அணைத்துவிடுங்கள், அல்லது சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாக அன்பைண்ட் செய்யுங்கள், அதாவது சாதனத்திலிருந்து பிரித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கியவர்கள் எங்கே முட்டுகிறார்கள் என்பது 4ஆம் படியில் வருகிறது.

2. முகவரியைக் கண்டுபிடிப்பது

முகவரி வர வேண்டிய இடம் டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல். விர்ட் போர்டின் ட்ரீயை க்யூஎமுவே கோப்பாகக் கொட்டித் தரும். டிடிசி கருவியால் அதைப் படிக்கும் வடிவுக்கு மாற்றலாம். அதில் பிஎல்031 இருப்பது 09010000இல், அளவு ஹெக்ஸ் 1000, அதாவது 4 கேபி. பிஎல்011 இருப்பது 09000000இல்.

முகவரியை டிரைவருக்குள் நேரடியாக எழுதாதீர்கள் என்பதற்குக் காரணம் அழகு பார்ப்பது அல்ல. டேட்டாஷீட் சொல்லும் முகவரியும் சிபியு பார்க்கும் முகவரியும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ராஸ்பெர்ரி பை இதற்கு நல்ல பாடம். அதன் ஜிபிஐஓ ரெஜிஸ்டர்கள் 7இ200000இல் இருப்பதாக பிராட்காம் ஆவணம் சொல்லும். அது பஸ் முகவரி. முதல் தலைமுறைப் பையில் சிபியு அதைப் பார்ப்பது 20200000இல். பை 2, பை 3 இரண்டிலும் 3எஃப்200000இல். பை 4இல் எஃப்இ200000இல். ஒரே சாதனம், மூன்று விலாசம். டிவைஸ் ட்ரீயின் 'ரேஞ்சஸ்' வரிதான் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருகிறது. ட்ரீ வழியாகப் போனால் அந்த மாற்றம் தானாக நடக்கும்.

இந்தச் சாதனத்தில் இன்னொரு வளைவும் இருக்கிறது. பிஎல்031இன் 'கம்பேட்டிபிள்' வரியில் 'ஆர்ம், பிரைம்செல்' என்றும் இருக்கும். அப்படி இருந்தால் லினக்ஸ் அதை பிளாட்ஃபார்ம் சாதனமாக அல்ல, அம்பா (ஆர்ம் சில்லுகளுக்குள் இருக்கும் பஸ்) சாதனமாக உருவாக்கும். நீங்கள் பிளாட்ஃபார்ம் டிரைவர் எழுதினால் மாட்யூல் ஏறும், பிழை எதுவும் வராது, ப்ரோப் (சாதனம் கிடைத்ததும் கெர்னல் கூப்பிடும் டிரைவரின் தொடக்க ஃபங்ஷன்) மட்டும் கூப்பிடப்படவே படாது. அம்பா டிரைவராக எழுதுங்கள்.

3. க்ளாக், பவர், ரீசெட்: மேப்புக்கு முன்னால்

க்ளாக் நிற்கும் சாதனத்துக்கு ரீட் அனுப்பினால் என்ன ஆகும் என்பது சில்லுக்குச் சில்லு மாறும். சிலவற்றில் சுழியம் வரும். சிலவற்றில் 'எஸ்எரர்' என்ற பிழை வந்து கெர்னல் விழும். இன்னும் சிலவற்றில் பஸ் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருக்கும், சிபியுவும் அதோடு நிற்கும். லாக் வராது, ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) வராது, கீபோர்டும் அசையாது.

கடைசி வகையில் நானே இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். ஒரு போர்டில் ப்ரோப்பின் முதல் ரீட் வரியில் எல்லாம் உறைந்துவிட்டது. ஆஃப்செட் தப்போ, மேப் தப்போ என்று தோண்டினேன். க்ளாக்கை எனேபிள் செய்யும் வரி, ரீடுக்கு நான்கு வரி கீழே இருந்தது. பூட்லோடர் பழைய பதிப்பில் அந்த க்ளாக்கை ஓட விட்டிருந்தது. புதிய பதிப்பில் அணைத்துவிட்டது. டிரைவர் அதுவரை யாரோ போட்ட விளக்கில் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அம்பா பஸ்ஸின் சோர்ஸைத் திறந்து பாருங்கள். சாதனத்தின் அடையாள எண்ணைப் படிப்பதற்கு முன் ஏபிபி க்ளாக்கை (சாதனத்தின் பஸ் பக்கக் க்ளாக்கை) அதுவே எனேபிள் செய்கிறது. பிளாட்ஃபார்ம் டிரைவரில் அந்த வேலை உங்களுடையது: பவர், க்ளாக், ரீசெட்டை விடுவிப்பது, அதன் பிறகு முதல் ரீட்.

க்யூஎமுவில் இந்தத் தவறு வெளியே தெரியாது. அங்கே எல்லாச் சாதனமும் எப்போதும் விழித்தே இருக்கும். 'எமுலேட்டரில் ஓடியது' என்பதை இந்தப் படிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. இடத்துக்கு உரிமை கேட்பது

மேப் செய்வதும் உரிமை கேட்பதும் வேறு வேறு வேலை. 'ரெக்வெஸ்ட் மெம் ரீஜியன்' கெர்னலின் பட்டியலில் உங்கள் பெயரை எழுதுகிறது, அவ்வளவுதான். மேப் செய்யும் 'ஐஓரீமேப்' அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. யார் கேட்டாலும் மேப் செய்து கொடுக்கும்.

ஒரு பயிற்சியாளர், ப்ரோப் வரவில்லை என்று மாட்யூலின் தொடக்கத்திலேயே 09010000க்கு உரிமை கேட்டார். 'நல்' (வெற்றுப் பாயிண்டர்) வந்தது, அதாவது உரிமை கிடைக்கவில்லை. அந்த வரியை கமெண்ட் ஆக்கிவிட்டு ஐஓரீமேப்பை மட்டும் விட்டார். வேலை செய்தது. 'அண்ணா, அந்த வரி தேவையே இல்லை போல' என்றார். பழைய ஆர்டிசி டிரைவர் அப்போதும் அதே ரெஜிஸ்டர்களைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. இவர் அலாரம் வைக்க ஒரு மதிப்பை எழுதினால் அது தன் பங்குக்கு வேறொன்றை எழுதும். யார் கெடுத்தார்கள் என்று கடைசி வரை தெரியாது.

ப்ராக் கோப்பகத்தில் உள்ள ஐஓமெம் கோப்பை ரூட்டாகப் படியுங்கள். சாதாரணப் பயனராகப் படித்தால் முகவரிகள் எல்லாம் சுழியமாகத் தெரியும், அதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. உங்கள் முகவரிக்கு உள்ளே வேறு டிரைவரின் பெயர் இருந்தால், முதலில் அதை வெளியேற்றுங்கள்.

பிளாட்ஃபார்ம் டிரைவர் என்றால் 'டெவ்எம் பிளாட்ஃபார்ம் ஐஓரீமேப் ரிசோர்ஸ்' உரிமையையும் மேப்பையும் ஒரே அழைப்பில் முடிக்கும். அம்பாவில் 'அம்பா ரெக்வெஸ்ட் ரீஜியன்ஸ்', பிறகு 'டெவ்எம் ஐஓரீமேப்'. பெயரில் டெவ்எம் இருந்தால், டிரைவர் விலகும்போது எடுத்ததைக் கெர்னலே திருப்பி விட்டுவிடும்.

5. மேப் செய்வது

'கெர்னலுக்குத்தான் எல்லா நினைவகமும் தெரியுமே, எதற்குத் தனியாக மேப்?' என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். கெர்னலின் நேர்கோட்டு மேப் ராமுக்கு மட்டும். சாதனம் அதில் இல்லை. இருந்தாலும் உதவாது, ஏனென்றால் ராம் கேஷ் ஆகலாம் (சிபியு பக்கத்தில் வைத்த நகலிலிருந்து படிக்கலாம்), சாதனம் ஆகக் கூடாது. 64-பிட் ஆர்மில் ஐஓரீமேப் பக்கங்களுக்கு 'டிவைஸ்' என்ற தன்மையைக் கொடுக்கிறது: ரைட்டுகளை ஒன்றாகச் சேர்க்காதே, வரிசையை மாற்றாதே, ஊகித்து முன்கூட்டியே படிக்காதே. கேஷ் ஆன பிஎல்031ஐக் கற்பனை செய்து பாருங்கள். முதலில் படித்த வினாடியிலேயே நேரம் நின்றுவிடும்.

அளவு விஷயத்தில் ஒரு பைட் பிழை சகஜம். ரிசோர்ஸின் 'எண்ட்' என்பது கடைசி பைட்டின் முகவரி, அடுத்ததன் முகவரி அல்ல. எண்டிலிருந்து ஸ்டார்ட்டைக் கழித்தால் 4095 வரும். 'ரிசோர்ஸ் சைஸ்' அழைப்பு அந்த ஒன்றைக் கூட்டித் தரும். கையால் கழிக்காதீர்கள்.

பிழை சோதிக்கும் விதம் அதைவிட அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ஐஓரீமேப்பும் டெவ்எம் ஐஓரீமேப்பும் தோற்றால் 'நல்' தரும். டெவ்எம் பிளாட்ஃபார்ம் ஐஓரீமேப் ரிசோர்ஸ் தோற்றால் பிழை எண்ணைப் பாயிண்டருக்குள் வைத்துத் தரும். அதை 'ஈஸ் எரர்' கொண்டுதான் சோதிக்க வேண்டும். இரண்டாவது வகையை 'நல்' தானா என்று மட்டும் சோதித்தால் சோதனை தாண்டிவிடும், அடுத்த ரீடில் கெர்னல் விழும். அப்போது ஊப்ஸில் தெரியும் முகவரியைப் பாருங்கள்: வரிசையாக எஃப் வந்து கடைசியில் ஒரு சுழியம் இருந்தால், அது −16. இடம் ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது என்ற செய்தியைத்தான் நீங்கள் முகவரி என்று நினைத்துத் தொட்டிருக்கிறீர்கள்.

பழைய பாடங்களில் 'ஐஓரீமேப் நோகேஷ்' என்று பார்த்தால் தேட வேண்டாம். 2020இல் வந்த 5.6 பதிப்பிலேயே அது நீக்கப்பட்டது. வெறும் ஐஓரீமேப் அதே வேலையைச் செய்கிறது. ஃப்ரேம் பஃபர் போன்ற பெரிய எழுதும் பகுதிக்கு மட்டும் 'டபிள்யூசி' வகை (ரைட்டுகளைச் சேர்த்து அனுப்புவது). அதைக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களுக்குப் போட்டால் ரைட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து போகும், சாதனம் திணறும்.

6. முதல் ரீட் அடையாள ரெஜிஸ்டராக இருக்கட்டும்

மேப் ஆனதும் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் சாதனத்திடம் பெயர் கேளுங்கள். பிரைம்செல் சாதனங்களில் 4 கேபியின் கடைசியில், 4064, 4068, 4072, 4076 ஆஃப்செட்டுகளில், அடையாளம் இருக்கும். ஒவ்வொன்றிலும் கீழ் 8 பிட் மட்டும் செல்லுபடி. பிஎல்031இல் முதல் இரண்டும் ஹெக்ஸில் 31, 10. அவற்றின் கீழ் 12 பிட்டைச் சேர்த்தால் 031. அதற்கு மேல் வரும் 8 பிட் ஹெக்ஸ் 41. ஆங்கில முதலெழுத்தின் ஆஸ்கி எண், ஆர்ம் நிறுவனத்தின் அடையாளம்.

இந்த ஒரு ரீட், மேலே செய்த ஐந்து படிகளையும் சேர்த்துச் சோதிக்கிறது. 'சிங்க்ரனஸ் எக்ஸ்டர்னல் அபார்ட்' என்று விழுந்தால் அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லை: 2ஆம் படிக்குத் திரும்புங்கள். எல்லாம் சுழியம் என்றால் பெரும்பாலும் க்ளாக் அல்லது ரீசெட். பிசிஐ சாதனத்தில் எல்லா பிட்டும் ஒன்றாக வந்தால், சாதனம் பஸ்ஸிலேயே இல்லை. பிஎல்011இன் எண் வந்தால், ட்ரீயில் பக்கத்து வீட்டைப் படித்துவிட்டீர்கள்.

7. படிப்பதும் எழுதுவதும்

ஐஓரீமேப் தரும் பாயிண்டரை நட்சத்திரம் போட்டுத் திறக்கக் கூடாது. 'ரீட்எல்', 'ரைட்எல்' வழியாகத்தான். 'வாலட்டைல் போட்டால் போதாதா?' போதாது. கம்பைலர் ரீடை நீக்காமல் இருக்க மட்டும் வாலட்டைல் என்ற சி மொழிக் குறி உதவும். எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனால் படிப்பது என்பதைக் கம்பைலர்தான் தீர்மானிக்கும். படித்துக்கொண்டே பாயிண்டரையும் நகர்த்தும் இன்ஸ்ட்ரக்‌ஷனை அது தேர்ந்தெடுத்தால், நிஜ போர்டில் ஓடும். கேவிஎம்முக்குள் (லினக்ஸின் ஹைப்பர்வைசர், வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவது) சாதனத்தை எமுலேட் செய்யும்போது ஓடாது. அந்த வகை இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஹைப்பர்வைசருக்குத் தேவையான விவரத்தை ஹார்டுவேர் தருவதில்லை. ரீட்எல் உள்ளே அசெம்ப்ளியில் எழுதப்பட்டிருப்பதற்கு இது ஒரு காரணம்.

பாயிண்டரின் வகை 'வாய்ட்' ஆக இருக்கட்டும், 32-பிட் எண்ணின் பாயிண்டராக வேண்டாம். பிஎல்031இன் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் 12இல் இருக்கிறது. 32-பிட் பாயிண்டரோடு 12ஐக் கூட்டினால் சி மொழி அதை நான்கால் பெருக்கி 48இல் கொண்டுபோய் நிறுத்தும். பிழை வராது, மேப்பும் தாண்டாது. எழுதியது எங்கோ போகும், அவ்வளவுதான். பாயிண்டரில் 'ஐஓமெம்' குறியைப் போட்டு, மேக் கட்டளைக்கு 'சி=1' கொடுத்து ஸ்பார்ஸை ஓட்டினால், குறி இல்லாத பாயிண்டருக்கு மாற்றிய இடத்தையும் நேரடியாகத் திறந்த இடத்தையும் அது பிடித்துத் தரும். குறி வாய்ட் பாயிண்டரோடு பழகிவிட்டால் நான்கால் பெருகும் தவறும் தானே நின்றுவிடும். வரும் எச்சரிக்கையை காஸ்ட் போட்டு அடக்குகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

பெரிய பகுதியை நகலெடுக்க 'மெம்காப்பி' வேண்டாம். அது வேகத்துக்காக ஒழுங்கில்லாத முகவரியில் படிக்கும். டிவைஸ் தன்மையுள்ள பக்கத்தில் அது அலைன்மெண்ட் ஃபால்ட். 'மெம்செட்' ஒரு கேஷ் வரியையே சுழியமாக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனைப் பயன்படுத்தலாம். அதற்கும் அதே கதி. 'மெம்காப்பி ஃப்ரம்ஐஓ', 'மெம்காப்பி டுஐஓ', 'மெம்செட் ஐஓ' இதற்காகவே இருக்கின்றன.

இனி படித்தாலே கெடும் ரெஜிஸ்டர்கள். பிஎல்011இல் ஆஃப்செட் 0 டேட்டா ரெஜிஸ்டர். படித்தால் ஃபிஃபோவிலிருந்து (வந்த எழுத்துகள் காத்திருக்கும் வரிசையிலிருந்து) ஒரு எழுத்து வெளியே வந்துவிடும். ஆஃப்செட் 24 நிலை காட்டும் ரெஜிஸ்டர். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு முறை, 12345678 என்று தட்டினால் 2468 மட்டும் வருகிறது என்று ஒரு பிழை வந்தது. பாட் ரேட், கேபிள், ஃப்ளோ கண்ட்ரோல் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பார்த்தால், டேட்டா ரெஜிஸ்டரை அச்சிடும் ஒரு டீபக் வரி. 1, 3, 5, 7 நான்கும் லாகில் பத்திரமாக இருந்தன. ரீட்எல்லை ஒரு முறை கூப்பிட்டு மாறியில் வையுங்கள். அச்சிடுவதாக இருந்தால் மாறியை அச்சிடுங்கள்.

எழுதும் பக்கத்திலும் ஒரு குழி உண்டு. '1 எழுதினால் அழியும்' வகை நிலை ரெஜிஸ்டரில், படித்து ஒரு பிட்டைச் சேர்த்துத் திரும்ப எழுதினால், காத்திருந்த எல்லா இன்டரப்டும் அழிந்துவிடும். அழிக்க வேண்டிய பிட்டை மட்டும் எழுதுங்கள். சாதாரண கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் படித்து, மாற்றி, எழுதுவது சரி, ஆனால் மூன்றும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். அதே ரெஜிஸ்டரை இன்டரப்ட் ஹேண்ட்லரும் தொட்டால், இன்டரப்டை நிறுத்திப் பூட்டும் ஸ்பின்லாக் வகை.

8. எழுதியது எப்போது போய்ச் சேரும்

ரைட்எல் திரும்பிவிட்டது என்றால் மதிப்பு கிளம்பிவிட்டது என்று பொருள். போய்ச் சேர்ந்தது என்று அல்ல. ரீசெட் பிட்டை எழுதி, 10 மைக்ரோவினாடி காத்து, பிட்டை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த ரைட் வழியில் தாமதித்தால் சாதனம் பார்க்கும் இடைவெளி 10ஐவிடக் குறையலாம். எழுதியதும் அதே சாதனத்திலிருந்து ஒரு ரெஜிஸ்டரைப் படியுங்கள், பிறகு காத்திருங்கள். ரீட் திரும்ப வேண்டுமானால் முந்தைய ரைட் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

டிஎம்ஏ (சாதனமே ராமை நேரடியாகத் தொடுவது) இருந்தால், முதலில் ராமில் டிஸ்கிரிப்டரை (வேலை விவரக் குறிப்பை) நிரப்பி, பிறகு சாதனத்தின் மணியை அடிப்பீர்கள், அதாவது வேலையைத் தொடங்கச் சொல்லும் ரெஜிஸ்டரில் எழுதுவீர்கள். அந்த மணிக்கு ரைட்எல்தான். அதற்குள் இருக்கும் பேரியர் (வரிசையைக் காக்கும் தடுப்பு), ராமில் எழுதியவை முன்னால் தெரியும்படி பார்த்துக்கொள்ளும். 'ரிலாக்ஸ்ட்' வகையில் அந்தப் பேரியர் கிடையாது. வேகம் என்று அதைப் போட்டால், சாதனம் பாதி நிரம்பிய டிஸ்கிரிப்டரைப் படிக்கும். அதுவும் ஆயிரத்தில் ஒரு முறை, கஸ்டமரின் இடத்தில்.

ஒரு பிட் மாறும்வரை சுற்றிக்கொண்டு படிப்பதற்கு 'ரீட்எல் போல் டைம்அவுட்' இருக்கிறது. கால வரம்பு இல்லாத வொயில் லூப், கெட்டுப்போன சாதனத்தோடு கெர்னலையும் சேர்த்துப் படுக்க வைக்கும்.

9. இன்டரப்ட் கடைசியில்

ஹேண்ட்லரைப் பதிவு செய்த அந்த நொடியே அது ஓடலாம். பூட்லோடர் விட்டுப்போன இன்டரப்ட் வாசலிலேயே காத்திருக்கும். அதனால் மேப், பூட்டு, தரவு அமைப்பு எல்லாம் தயாரான பிறகே பதிவு. அதற்கும் முன், சாதனத்தின் மாஸ்க் ரெஜிஸ்டரில் எல்லாவற்றையும் மூடி, தேங்கியதை அழியுங்கள். பிஎல்031இல் மாஸ்க் ஆஃப்செட் 16, அழிப்பது 28.

10. யூசர் ஸ்பேஸுக்குத் திறந்துவிடுவது

சாதாரண புரோகிராம்கள் ஓடும் யூசர் ஸ்பேஸுக்கு ரெஜிஸ்டர்களைத் திறந்துவிடுவதை, முடிந்தால் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் 'விஎம் ஐஓமேப் மெமரி' பயன்படுத்துங்கள். கேட்ட ஆஃப்செட்டும் அளவும் உங்கள் பகுதிக்குள் இருக்கின்றனவா என்று அதுவே பார்க்கும். 'ரீமேப் பிஎஃப்என் ரேஞ்ச்' அதைப் பார்ப்பதில்லை. அந்தச் சோதனையை மறந்தால், சாதாரண புரோகிராம் ஒன்று ஆஃப்செட்டை நீட்டி மற்ற நினைவகத்தையும் மேப் செய்துகொள்ளும். பக்கத்தின் தன்மையை நான்-கேஷ்ட் ஆக மாற்றுவது இரண்டிலும் உங்கள் பொறுப்பு. மேப் பக்கக் கணக்கில்தான் நடக்கும்: உங்கள் சாதனம் 256 பைட்தான் என்றாலும், அதே பக்கத்தில் குடியிருக்கும் அடுத்த சாதனமும் சேர்ந்தே திறக்கும்.

11. கழற்றுவது

போட்டதற்கு நேர் எதிர் வரிசை: சாதனத்தில் இன்டரப்டை மூடு, ஹேண்ட்லரை விடு, மேப்பை எடு, உரிமையை விடு, க்ளாக்கை அணை.

டெவ்எம் வகை அழைப்புகள் இந்த எதிர் வரிசையைத் தாமே பின்பற்றும். பாதி டெவ்எம், பாதி கை வேலை என்று கலக்கும்போதுதான் வினை. ஹேண்ட்லரை டெவ்எம்மில் பதிவு செய்துவிட்டு, ரிமூவில் கையால் ஐஓஅன்மேப் எழுதினால், ரிமூவ் முதலில் ஓடும், டெவ்எம் அதற்குப் பிறகுதான் ஹேண்ட்லரை விடும். அந்தச் சிறு இடைவெளியில் ஓர் இன்டரப்ட் வந்தால், மேப் போய்விட்ட முகவரியை ஹேண்ட்லர் படிக்கும். கையால் க்ளாக்கை அணைத்தாலும் இதே கதைதான். எல்லாம் டெவ்எம், அல்லது எல்லாம் கை.

சோதிக்க, மாட்யூலை ஏற்றி இறக்குவதை லூப்பில் 100 முறை ஓட்டுங்கள். முடிந்ததும் ஐஓமெம் கோப்பில் உங்கள் டிரைவரின் பெயர் இருக்கக் கூடாது. ப்ராக்கில் உள்ள விமால்லாக்இன்ஃபோ கோப்பில் 9010000 என்று தேடுங்கள். ஐஓரீமேப் செய்த இடங்களை, எந்த ஃபங்ஷன் கேட்டது என்பதோடு அது காட்டும். உங்கள் ப்ரோப்பின் பெயரோடு 100 வரி நின்றால், ஐஓஅன்மேப் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் நின்றால் ப்ரோப்பின் பிழைப் பாதையைப் பாருங்கள்: பாதியில் தோற்றுத் திரும்பும்போது மேப்பை எடுக்காமல் வெளியேறும் ரிட்டர்ன் ஒன்று அங்கே இருக்கும்.